காசை நேரே கொடுத்தால் போதாதா, சைக்கிள் எதற்கு?

கேள்வி, 11 ஜூன் 2025

கலிபோர்னியாவில் எய்ட்ஸ் நிதிக்காக வருடாவருடம் நடந்த லைஃப்சைக்கிள் சவாரி இந்த மாதத்தோடு முடிந்துவிட்டது என்று படித்தேன். ஒரு சந்தேகம். ரெண்டாயிரம் பேருக்கு ஏழு நாள் சாப்பாடு, கூடாரம், லாரி, குளிக்கிற வண்டி, போலீஸ் என்று செலவு செய்வதற்குப் பதில் அந்தக் காசை நேரே கொடுத்துவிட்டு அவரவர் வீட்டில் இருக்கலாமே? இது தர்மமா, சுற்றுலாவா? முதல் ரெண்டு மூன்று நாளிலேயே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு

2019ல் போனேன். பாதிப் பேர் படுப்பதெல்லாம் இல்லை. ஆனால் படுக்க வைக்கப் பார்ப்பது முதல் மூன்று நாள்தான், அது சரி. நான்காம் நாள் காலையில் உடம்பு கெஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. அதனால் நான் எழுதப்போவது அந்த முதல் மூன்று நாளைப் பற்றித்தான். மிச்சம் நான்கு நாளைப் பற்றி எல்லோரும் போட்டோ போட்டிருக்கிறார்கள், ஐந்தாம் நாள் எல்லோரும் சிவப்பு உடை போடுவது உட்பட.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை 545 மைல், நம் கணக்கில் 877 கிலோமீட்டர், ஏழு நாள். நான் போன 2019ல் ஆளுக்குக் குறைந்தது 3,000 டாலர் திரட்டினால்தான் சாலையில் இறங்க விடுவார்கள். அந்த வருடம் எல்லோருமாகச் சேர்ந்து 1.6 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். பணம் போனது ரெண்டு அமைப்புக்கு: சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் ஃபவுண்டேஷன், லாஸ் ஏஞ்சலஸ் எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், திருநர்) சென்டர். இலவசப் பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாம் அதில்தான் ஓடியது.

"அந்தக் காசை நேரே கொடுக்கலாமே" என்கிறீர்கள். எந்தக் காசை? அதில் பெரும்பங்கு என் பையில் இருந்த காசே இல்லை. என்னிடம் யாராவது வந்து நிதி கேட்டிருந்தால் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன். மீதியைக் கொடுத்தது என் ஆபீஸ்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், ஃப்ரீமாண்ட் தமிழ் வாட்ஸப் குழு, அப்புறம் நாங்கள் போடுகிற ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு டாலர் போட்ட என் கம்பெனி. இவர்கள் யாரும் அந்த வருடம் எய்ட்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் அந்தக் காசும் இல்லை.

12 ஜூன்

ஒருவர் கீழே "சும்மா ஏழு நாள் லீவு போட்டு ஊர் சுற்றினதை நியாயப்படுத்துகிறீர்கள்" என்று போட்டிருக்கிறார். நியாயப்படுத்தவில்லை ஐயா, சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

சவாரி ஞாயிற்றுக்கிழமை கிளம்பும். சனிக்கிழமையே டேலி சிட்டியில் கௌ பேலஸ் என்ற பழைய அரங்கத்துக்குப் போய்ச் சைக்கிளை விட்டுவிட்டு வர வேண்டும். 1941ல் கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய இடம், உள்ளே ஒரு ஊரே நிற்கலாம். அங்கே பதிவு, பாதுகாப்பு வகுப்பு, கூடாரத்தில் கூடப் படுக்கப்போகிறவர் யார், நம் மூட்டை எந்த லாரியில் போகும், எல்லாம் முடிவாகும். பாதுகாப்பு வகுப்பில் சொன்ன விதிகள் சுருக்கமாக: ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், காதில் எதுவும் மாட்டக்கூடாது, முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளிந்து போகக்கூடாது, முந்தும்போது "ஆன் யுவர் லெஃப்ட்", பின்னால் கார் வந்தால் "கார் பேக்", நிற்கும்போது "ஸ்டாப்பிங்" என்று கத்த வேண்டும். கத்தாமல் நின்றால் பின்னால் வருகிறவர் முதுகில் வந்து நிற்பார். ஊர் திரும்பின வாரம் கடையில் காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு அம்மாவிடம் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று சொல்லி அவர் திகைத்து நின்றது தனிக் கதை.

ஞாயிறு விடியற்காலை இருட்டோடு போனோம். ஜூன் மாதம் என்றால் வெயில் என்று நினைக்காதீர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஜூனில் கடல் மூட்டம் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்காது. உள்ளே ஒரே இரைச்சல், பாட்டு, ஆட்டம், பைத்தியக்கார உடைகள். அப்புறம் இரைச்சல் நின்றது. கூட்டத்துக்கு நடுவில் வழி விட்டார்கள். எய்ட்ஸில் இறந்தவர்கள் நினைவாக, ஆள் ஏறாத ஒரு சைக்கிளைச் சிலர் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், பாசிட்டிவ் பெடலர்ஸ் என்று அவர்களுக்குச் சவாரியிலேயே ஒரு குழு இருந்தது, ஜெர்சியில் பெயர் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். செயின் ஓடுகிற 'டிக் டிக்' சத்தம் மட்டும் கேட்டது. என் பக்கத்தில் நின்ற அறுபது வயசு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதுவரை இது ஒரு உடற்பயிற்சிச் சவால்தான். பொய் சொல்லவில்லை.

12 ஜூன், சற்று கழித்து

முதல் நாள் பற்றி எழுத வந்து சடங்கிலேயே நின்றுவிட்டேன்.

முதல் பத்து மைல்தான் ஏழு நாளிலும் ஆபத்தானது என்பது என் கருத்து. மலையோ இறக்கமோ அல்ல, டேலி சிட்டித் தெரு. ரெண்டாயிரம் சைக்கிள் ஒரே நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறது. எல்லார் காலும் பெடலில் கிளிப் மாட்டியிருக்கும், குதிகாலைத் திருகினால்தான் கழலும். பதற்றத்தில் திருக மறந்தவர் நின்ற இடத்திலேயே, வேகம் பூஜ்யத்தில், வேரோடு சாய்ந்த மாதிரி பக்கவாட்டில் விழுவார். மூன்று பேர் அப்படி விழுந்ததை நானே பார்த்தேன். அடி ஒன்றும் பெரிசாக இல்லை, மானம்தான்.

அதைத் தாண்டி ஸ்கைலைன் சாலை, கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரி ஓரம். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஓடுகிறது, ஏரி அதன் மேலேயே கிடக்கிறது. அப்புறம் 92ஆம் நெடுஞ்சாலையில் ஹாஃப் மூன் பே நோக்கி இறக்கம். வியர்த்த ஜெர்சியோடு மூட்டத்துக்குள் இறங்கும்போது பல் கிட்டித்தது, பிரேக்கைப் பிடித்த விரல் மரத்துப்போனது. கீழே போனதும் ஒன்றாம் எண் கடற்கரைச் சாலை, அங்கிருந்து சாண்டா குரூஸ் வரை ஏறி இறங்கி ஏறி இறங்கி. ஒவ்வொரு ஓடை கடலில் சேருகிற இடத்திலும் சாலை சரிந்து திரும்ப ஏறும், வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிஜன் பாயிண்ட் கலங்கரை விளக்கம் எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம், எனக்கு அதைவிட ஞாபகம் இருப்பது அந்தக் கரையில் மைல் கணக்கில் பயிரிட்டிருக்கிற பிரஸ்ஸல்ஸ் முளைக்கோஸ் வயலின் வாடை. பசி நேரத்தில் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடையைப் பத்து மைல் சுவாசித்துப் பாருங்கள்.

முதல் நாள் எண்பது மைல் சுமார். சாயங்காலம் சாண்டா குரூஸ் ஹார்வி வெஸ்ட் பூங்காவில் முகாம்.

14 ஜூன்

"சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பிரச்சினையே இல்லை, சைவத்துக்குத் தனி வரிசை உண்டு. உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலை வெண்ணெய் தடவின ரொட்டி, இதுதான் வழி நெடுக. சுமார் பதினைந்து மைலுக்கு ஒரு ரெஸ்ட் ஸ்டாப். நான் என் மூட்டையில் அம்மா செய்து கொடுத்த புளிக்காய்ச்சலை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். முதல் நாள் ராத்திரி முகாம் சாதத்தில் அதைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்த சாக்ரமெண்டோக்காரர் "அது என்ன, ஜெல்லா?" என்று கேட்டார். சவாரிக்காரர்கள் பிழிந்து குடிக்கிற சக்தி ஜெல் என்று நினைத்துவிட்டார். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் இன்னொரு ஸ்பூன் கேட்டார்.

இதில் வேடிக்கை, அவர்களும் ஊறுகாய்க்காரர்கள்தான். தசைப் பிடிப்புக்கு வெள்ளரி ஊறுகாய் ஊறின உப்புத் தண்ணீரைச் சின்னக் கப்பில் ஊற்றிக் குடிப்பார்கள். நான் குடித்துப் பார்த்தேன், பிடிப்பு போச்சா என்று தெரியவில்லை, தூக்கம் போச்சு.

14 ஜூன், இரவு

வண்டி ஓட்டுவதை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது முகாம். எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

எண்பது மைல் ஓட்டிவிட்டு வருகிறீர்கள். சைக்கிளை நிறுத்துகிற மைதானம் ஒரு கோடியில். அங்கிருந்து நடந்து உங்கள் எழுத்து போட்ட லாரியைத் தேட வேண்டும். லாரியில் நிற்கிற ரோடிகள், அதாவது ஓட்டாமல் வேலை செய்ய மட்டும் வந்த தொண்டர்கள், மூட்டையையும் கூடாரத்தையும் இறக்கிக் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் எண் போட்ட இடத்துக்குப் போய் நீங்களே கூடாரம் அடிக்க வேண்டும். அப்புறம் குளியல் லாரிக்கு வரிசை. அப்புறம் சாப்பாட்டுக்கு வரிசை. மறுநாள் விடியற்காலை பனியில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டி, அது நேற்று வந்த பைக்குள் இன்று போகாது என்பதைக் கண்டுபிடித்து, முழங்காலால் அமுக்கி, லாரிக்குத் தூக்கிப்போய்க் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கே ஆயிரம் கூடாரத்தின் ஜிப்பும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிழிகிற சத்தம் கேட்கும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்தன்று விடியற்காலை எப்படி இருக்கும், அப்படி: எல்லோரும் எழுந்தாச்சு, எல்லோருக்கும் அவசரம், பாத்ரூம் வாசலில் துண்டோடு ஒரு கூட்டம்.

இந்த ரோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் லீவு போட்டு, ஓட்டுகிற சந்தோஷம்கூட இல்லாமல், ஏழு நாள் மூட்டை தூக்குகிறார்கள். சுற்றுலாவா என்று கேட்டவர் இவர்களை எந்தக் கணக்கில் வைப்பார் என்று தெரியவில்லை.

15 ஜூன்

ரெண்டாம் நாள்தான் நீளமானது, நூறு மைலுக்கு மேல். சாண்டா குரூஸிலிருந்து கிங் சிட்டி.

காலையில் சீட்டில் உட்காரும்போதே தெரிந்துவிடும். முதல் நாள் உராய்ந்த இடத்தில் மறுபடி உட்கார வேண்டும், அதற்கு மாற்று வழி கிடையாது. சவாரிக்காரர்கள் எல்லோரும் கால்சட்டைக்குள் பூசுகிற ஒரு களிம்பு உண்டு, வாயில் சொல்லும்போது எல்லோருக்கும் அது 'பட்டர்'தான். முகாமில் சாப்பாட்டு மேஜையில் பக்கத்துக்குப் பக்கம் ரொட்டி வெண்ணெயும் இந்த வெண்ணெயும் இருந்தால் எது எது என்று பார்த்து எடுக்க வேண்டும். வெட்கமெல்லாம் முதல் நாளோடு சரி. நூறு பேர் நிற்கிற மைதானத்தில் கையை உள்ளே விட்டுப் பூசிக்கொண்டே பக்கத்தில் நிற்பவரிடம் "நேற்று எங்கே சாப்பிட்டீங்க" என்று பேசுவார்கள். நான் ஒரு கோவில் குடும்பத்துப் பையன். ரெண்டாம் நாளிலிருந்து நானும் அப்படித்தான்.

வாட்சன்வில் பக்கம் ஸ்ட்ராபெரி வயல். சாலை ஓரமாகவே நீளமான மேடுகள், மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதில் ஓட்டை ஓட்டையாகச் செடி. முழுக்கை, முழுக்கால், முகத்தை மூடின துணி, தொப்பி போட்டுக்கொண்டு ஆட்கள் இடுப்பை ஒடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பெட்டி நிறைந்ததும் மேட்டுக்கு நடுவில் ஓடிப்போய்க் கொடுத்து, எண்ணிக்கை பதிந்து, திரும்ப ஓடி வருகிறார்கள். ஓடுகிறார்கள், நடக்கவில்லை. நான் உடம்பை வருத்திக்கொண்டு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் எட்டாயிரம் கியர் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஒருத்தர் நிமிர்ந்து கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சவாரியைப் பற்றி யாராவது "தியாகம்" என்று பேசினால் எனக்கு அந்த வயல் ஞாபகம் வரும்.

மாஸ் லேண்டிங் மின்நிலையப் புகைபோக்கிகள், காஸ்ட்ரோவில் என்ற ஊரின் ஆர்ட்டிசோக் காய் வயல், அப்புறம் சாலினாஸ் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு அதிசயம். மத்தியானம் உள்நாடு சூடாகச் சூடாக, மான்டரே வளைகுடாவிலிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குக்குள் இழுக்கப்படுகிறது. பள்ளத்தாக்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது, நாம் போவதும் அதே திசை. அதாவது நாள் முழுவதும் நம்மைக் கொன்ற உடம்பை மத்தியானத்துக்கு மேல் காற்றே தள்ளிக்கொண்டு போகிறது. லெட்யூஸ் வயல் ரெண்டு பக்கமும் விரைந்து ஓடும், மிதிக்கவே வேண்டாம். அறுபது மைல் ஆனவன் எண்பது மைல் ஆனதைக் கவனிக்கவே மாட்டான். எதிர்த் திசையில் யாராவது ஓட்டினால் என்ன ஆவார்கள் என்று நினைத்தாலே பாவமாக இருக்கும்.

ஒவ்வொரு ரெஸ்ட் ஸ்டாப்புக்கும் மூடும் நேரம் உண்டு. அதற்குள் வராவிட்டால் ஸ்வீப் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவதில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஏறுகிறவருக்குத்தான் முகம் சுண்டிப்போகும். ரெண்டாம் நாள் சாயங்காலம் பஸ் நிறைய ஆட்கள். ஆக, கேள்வி கேட்டவர் கேள்விப்பட்டதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பஸ்ஸில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுநாள் காலை மறுபடி சைக்கிளில்தான் இருந்தார்கள்.

15 ஜூன், பின்னால் சேர்த்தது

"எட்டாயிரம் கியர்" என்றதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். இருபத்திரண்டு கியர். போதுமா?

18 ஜூன்

தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த விஷயம். காசு கேட்டது.

நிதி கேட்டு வாட்ஸப்பில் போட்டபோது மேலே 'எச்.ஐ.வி.' என்று எழுத வேண்டியிருந்தது. அதுதான் மிதிப்பதை விடக் கஷ்டமான வேலை. குழுவில் வழக்கமாக எதைப் போட்டாலும் பத்து கைகூப்பு வரும். இதற்கு அரை நாள் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு மாமா தனியாகப் போன் பண்ணினார்: "ஏம்ப்பா, நல்ல காரியம்தான், ஆனா ஊர்ல ஸ்கூல் கட்டறோம்னு வேற ஏதாவது வச்சுக்கக்கூடாதா? இதைப் போய் நாலு பேருக்கு நடுவுல..." நான் சொன்னேன், "மாமா, சவாரியே இதுக்குத்தான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, என் பேரு வெளியில வரவேண்டாம்" என்று நூறு டாலர் போட்டார். பெயர் போடாமல் கொடுக்கிற வசதி உண்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்தான் அதிகம், அதில் முக்கால்வாசி நம்மவர்கள்.

அப்புறம் எனக்குப் பழக்கமே இல்லாத ஒருவரிடமிருந்து தனிச் செய்தி. அவருக்கு நாமக்கல் பக்கம். தாய்மாமன் லாரி ஓட்டினவர். லாரித் தொழில் கொழித்த அந்த மாவட்டம் ஒரு காலத்தில் எச்.ஐ.வி. அதிகம் பதிவான இடங்களில் ஒன்று. மாமாவைத் தாம்பரம் சானடோரியத்தில் வைத்துப் பார்த்தார்களாம். வீட்டில் வெளியே சொன்ன காரணம் டி.பி. செய்தி அனுப்பினவரின் மனைவிக்குக்கூட இன்றுவரை அதுதான் தெரியும். "உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், ஏன்னு தெரியல, நீங்க அந்த வார்த்தையைக் குரூப்ல எழுதினதால இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். நம் நாட்டில் அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில், தொடங்கின இடங்களில் தாம்பரமும் ஒன்று. அவர் மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

நேரே ஆஸ்பத்திரிக்குச் செக் அனுப்பியிருந்தால் இந்தச் செய்தி எனக்கு வந்திருக்காது. கேள்வி கேட்டவருக்கு என் பதில் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் தெரியாது.

18 ஜூன், இரவு

"எய்ட்ஸ் அமெரிக்காக்காரன் பிரச்சினை, அவன் பார்த்துக்கட்டும்" என்று எழுதினவருக்கு: இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரி சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் இருந்தது. அதுவரை இது நம் ஊருக்கு வராது என்று பெரியவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுனிதி சாலமன் பிறகு 1993ல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினார். முகாமில் இதைச் சொன்னபோது அந்த சாக்ரமெண்டோக்காரருக்கு ஆச்சரியம். நம் வாட்ஸப் குழுவில் சொன்னபோது அதைவிட ஆச்சரியம்.

22 ஜூன்

மூன்றாம் நாள் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். கிங் சிட்டியை விட்டு வெளியே வந்ததும் ஜோலான் சாலையில் குவாட்பஸ்டர் என்று பேர்போன ஏற்றம். அதைப் பற்றி முகாமில் முதல் நாளிலிருந்தே பயமுறுத்துவார்கள். உண்மையில் பெங்களூர்ப் பக்கம் நந்தி மலை ஏறினவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ரெண்டு நாள் ஓட்டின தொடையோடு, காலையில் உடம்பு சூடாவதற்குள் வருவதால்தான் அந்தப் பேர். நான் சின்ன கியரில் போட்டு, முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். மேலே போய் மூச்சு வாங்கினபோது சிலர் மறுபடி கீழே போனார்கள். முதலில் புரியவில்லை. கீழே திணறுகிறவர்கள் பக்கத்தில் சேர்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரெண்டாம் முறை ஏறினார்கள். முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவரையும் பார்த்தேன்.

அதற்கப்புறம் பிராட்லி. ஊரில் நூறு பேர் இருந்தால் அதிகம். சவாரி வருகிற நாளில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகப் பர்கர் சுட்டு விற்பார்கள். அரசு பணத்தைக் குறைத்ததால் பறிபோன விஷயங்களுக்கு, சுற்றுலா, விளையாட்டு மாதிரி, அந்த ஒரு நாள் வியாபாரத்தில் வந்த காசு உதவியது. நான் சைவம் என்பதால் லெமனேட் மட்டும் வாங்கிக்கொண்டு பர்கர் காசையும் டப்பாவில் போட்டேன். காசு வாங்கின பெண்ணுக்குப் பத்து வயசு இருக்கும், "பர்கர் எடுத்துக்கலையே" என்று விடாமல் கூப்பிட்டுக் கடைசியில் ஒரு பாக்கெட் சிப்ஸைக் கையில் திணித்துவிட்டாள்.

நிதி திரட்டுகிற கூட்டத்தை வைத்து இன்னொரு கூட்டம் நிதி திரட்டியது. செலவுக் கணக்கு பார்க்கிறவர்கள் இதை எந்தத் தலைப்பில் எழுதுவார்களோ.

3 ஜூலை

மேலே எழுதினதைத் திரும்பப் படித்தேன். செலவுக் கணக்குக்காரரை ரொம்ப லேசாகத் தள்ளிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் கேட்டது புதுக் கேள்வி இல்லை, இந்தச் சவாரியின் சரித்திரமே அதுதான்.

1994ல் டான் பலோட்டா என்பவர் இதை முதலில் நடத்தினார், அப்போது வேறு பெயர், ஓட்டினவர்கள் 478 பேர். அந்த வருடங்களில் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்குள் இறந்தவர்களின் மரணக் காரணங்களில் முதலிடம் எய்ட்ஸுக்கு. கூட்டு மருந்து வந்து நிலைமை மாறியது 1996க்கு மேல்தான். அவர் கம்பெனி நடத்தின சவாரிகளின் செலவு ரொம்ப அதிகம் என்று சண்டை வந்து, 2002ல் மேலே சொன்ன ரெண்டு அமைப்புகளும் தாங்களே நடத்தத் தொடங்கின, அதுதான் லைஃப்சைக்கிள். அதே வருடம் பலோட்டா கம்பெனி மூடப்பட்டது. அவர் இன்றுவரை சொல்வது, தர்மத்தில் எவ்வளவு செலவானது என்று பார்க்காதே, எவ்வளவு வந்தது என்று பார் என்பது. எனக்கு அதில் பாதி சம்மதம்.

மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், கடைசியில் சவாரியை நிறுத்தினதும் அதே கணக்குதான். கொரோனாவில் ரெண்டு வருடம் நடக்கவில்லை. திரும்ப வந்தபோது ஆள் குறைவு, லாரி வாடகை முதல் சாப்பாடு வரை எல்லாம் விலை கூடியாச்சு. திரட்டுகிற பணத்தில் நடத்துகிற செலவு போக மிஞ்சுவது சுருங்கினால் எந்த அமைப்பும் எத்தனை வருடம் தாங்கும்? 2025தான் கடைசி என்று முந்தின வருடமே அறிவித்துவிட்டார்கள். முப்பது வருடத்தில் 30 கோடி டாலருக்கு மேல் திரட்டின பிறகு. அழுதவர்கள் நிறையப் பேர், எனக்கு அது சரியான முடிவு என்றுதான் படுகிறது. செலவு மீறினால் நிறுத்து, மீறாதவரை சைக்கிளைக் குறை சொல்லாதே. இதை அன்றைக்கே நேராகச் சொல்லியிருந்தால் இந்த இழை இத்தனை நீளம் போயிருக்காது, ஆனால் பிராட்லி சிப்ஸ் கதையும் வந்திருக்காது.

நோயும் மாறிவிட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொற்று வராமலே தடுக்கிற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012ல் அனுமதி கிடைத்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. இதை என் வயசுப் படித்த நண்பர்களே நம்பவில்லை. கூகுளில் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

20 ஜூலை

நாமக்கல் நண்பர் மேலே உள்ளதைப் படித்துவிட்டு, தன் மனைவியிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறார். "டி.பி.ன்னு நான் நம்பினதே இல்லை" என்றாராம் மனைவி. நண்பர் அவ்வளவுதான் எழுதினார், நானும் மேலே கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த மாதிரி நீண்ட சவாரி திட்டமிடுகிற ரெண்டு பேர் சீட் பற்றிக் கேட்டிருந்தார்கள். மெத்தென்று இருக்கிற தடிமன் சீட்டை வாங்காதீர்கள், நூறு மைலில் அதுதான் முதலில் கொல்லும். நான் சைக்கிள் வாங்கின கடையில் மெத்தென்றுதான் கொடுத்தார்கள், மாற்றிய பிறகுதான் உருப்பட்டேன். இடுப்பெலும்பு ரெண்டும் உட்காருகிற அகலத்தை அளந்து கொடுக்கிற கடையாகப் பாருங்கள், புது சீட்டில் ரெண்டு மாதமாவது ஓட்டியிருக்க வேண்டும், புதுக் கால்சட்டையைச் சவாரி நாளில் முதல் முறையாகப் போடாதீர்கள். உள்ளாடை போட வேண்டாம், தையல் உராயும். களிம்பு விஷயம் மேலே சொல்லிவிட்டேன். கூடாரம் அடித்துப் பழகுங்கள், ஓட்டிப் பழகினதில் பாதியாவது. பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகம் எடுக்கும் முன் குடியுங்கள். புளிக்காய்ச்சல் டப்பாவை மட்டும் ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், லாரியில் மூட்டை மேல் மூட்டை விழும்.